வண்டி ஒத்துக்காது

அவர் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினாலும் மூக்கண்டப்பள்ளியில் எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு அது யாரென்று தெரியாது. எங்கள் வீட்டு உரிமையாளர் தெலுங்கு பேசுபவர். அவருக்கு இவர் 'பண்டியம்மா', அதாவது வண்டியம்மா. மளிகைக்கடையில், ஊர்ப் பெயரை வைத்து, 'கல்லாவிக்காரம்மா'. தெருப் பிள்ளைகளுக்கு 'பைக் ஆன்ட்டி'. எனக்கு அக்கா.

கல்யாணமாகி, சாத்தூர்ப் பக்கமிருந்து ஓசூருக்கு வந்து இறங்கிய மறுநாள் விடியற்காலையில் என்னை எழுப்பியது ஒரு சத்தம். யாரோ எதையோ உதைக்கிறார்கள். நிறுத்தி மூச்சு வாங்குகிறார்கள். மறுபடி உதைக்கிறார்கள். கதவைத் திறந்து பார்த்தேன். வரிசை வீடுகளில் எங்களுக்கு அடுத்த வீட்டு வாசலில், சுடிதாருக்கு மேல் கம்பெனிச் சட்டை போட்ட ஒரு பெண், துப்பட்டாவை இடுப்பில் இறுக்கி முடிந்துகொண்டு, ஒரு கறுப்பு மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டிருந்தார். எங்கள் பக்கம் ஸ்கூட்டர் ஓட்டும் பெண்களைப் பார்த்திருக்கிறேன். கியர் வண்டியை உதைத்துக் கிளப்பும் பெண்ணை அன்றுதான் பார்த்தேன்.

வண்டி பிடித்துக்கொண்டது. அவர் என்னைப் பார்த்தார்.

"புதுசா வந்தவங்களா? வேலைக்குப் போறியா?"

நான் சேரப்போகும் கம்பெனியைச் சொன்னேன். கார்களுக்குள் போகும் வயர்க் கட்டுகளைச் செய்யும் இடம்.

"அட, நானும் அங்கதான். கம்பெனி பஸ்ஸ நம்பாத பாப்பா. ஊரெல்லாம் சுத்திக்கினு போவும். பின்னால குந்திக்க, நான் இட்டுக்கினு போறேன்."

அப்படித்தான் அவர் முதுகுக்குப் பின்னால் என் ஓசூர் வாழ்க்கை தொடங்கியது.

அந்த வண்டி, கடையில் இருந்தவற்றிலேயே மலிவானது. பொத்தானை அழுத்தினால் கிளம்பும் வசதி கிடையாது. முன்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக் கிடையாது. பெட்ரோல் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் முள் கூடக் கிடையாது. அக்கா வண்டியை இடுப்பால் ஒரு ஆட்டு ஆட்டி, டாங்கிக்குள் கேட்கும் சத்தத்தை வைத்துச் சொல்லுவார். கடைக்காரர் முதலில் இரண்டு மூன்று ஸ்கூட்டர்களைத்தான் காட்டினாராம். அக்கா எதிலும் ஏறவில்லை. மூலையில் நின்ற இதில் ஏறி உட்கார்ந்தார். இரண்டு காலும் தரையில் ஊன்றின. "இது யாருக்கும்மா, வீட்டுக்காரருக்கா?" என்று கேட்டிருக்கிறார் கடைக்காரர். "எனக்கு" என்று சொன்னபோது தன் குரல் தனக்கே புதிதாக இருந்தது என்று அக்கா ஒருமுறை என்னிடம் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமைகளில், மூடிக் கிடந்த ஒரு தொழிற்சாலைக்குப் பின்னால் இருந்த காலி மைதானத்தில் தனியாகவே ஓட்டிப் பழகினார். விழுந்ததில் முழங்கையில் ஒரு தழும்பு. அதைத் தொட்டுக் காட்டி, "இதான் என் லைசென்சு" என்பார்.

அவர் பேச்சில் அடிக்கடி வரும் ஒரு வாக்கியம் உண்டு. அதை நான் முதலில் கவனித்தது ஒரு சிலிண்டர் விஷயத்தில். வீட்டு உரிமையாளர் மேல்மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, தன் மகள் வீட்டுக்கு ஒரு காஸ் சிலிண்டரை வண்டியில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுக்க முடியுமா என்று கேட்டார். அக்கா முகத்தை மிகவும் வருத்தமாக வைத்துக்கொண்டார்.

"பண்டி ராதண்ணா. பழைய பண்டி."

வண்டி வராதாம். பாவம் அந்த மனிதர், வண்டியை ஒரு அனுதாபத்தோடு பார்த்துவிட்டு உள்ளே போனார். வாங்கி இரண்டு வருடம் கூட ஆகாத வண்டி அது. அதே வாரம் ராயக்கோட்டைச் சந்தையிலிருந்து இரண்டு கூடை தக்காளியையும் ஒரு மூட்டை முட்டைக்கோசையும் அதே வண்டியில் கட்டி, நடுவில் என்னையும் சொருகிக் கொண்டுவந்து, வரிசையில் இருந்த எல்லா வீட்டுக்கும் பங்கு போட்டுக் கொடுத்தார். வண்டி முனகக் கூட இல்லை.

எங்கள் சூப்பர்வைசர் அத்திப்பள்ளிக்காரர். கன்னடம்தான் வாயில் முதலில் வரும். சனிக்கிழமை ஆனால் லைன் லைனாக வருவார். "நாளே பர்த்தீராம்மா?" நாளைக்கு வருவீர்களா என்று கேட்பது. ஞாயிறு ஓவர்டைம். மற்றவர்கள் எல்லாரும் காரணம் தேடுவார்கள். தலைவலி, மாமியார், கோயில் என்பார்கள். எதற்கும் அவரிடம் ஒரு பதில் இருக்கும். அக்காவிடம் வந்தால் மட்டும் பேச்சு சீக்கிரம் முடியும்.

"காடி பரல்லா சார். கிளட்ச் ஒயரு போயிடிச்சி."

இங்கேயும் வண்டிதான் வராது. "ஓ, காடி இல்வா" என்று அவர் நகர்ந்துவிடுவார். அந்தக் கிளட்ச் வயர் எத்தனை ஞாயிற்றுக்கிழமை அறுந்திருக்கிறது என்று அவர் யோசித்ததே இல்லை.

அப்படி அறுந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் ராயக்கோட்டைக்குப் போய், கோட்டை மலையின் அடியில் ஒரு கடையில் சூடாக போண்டா தின்றுகொண்டிருந்தோம். நான் கேட்டேவிட்டேன்.

"ஏன்க்கா வண்டி மேல பழியப் போடுறீங்க? முடியாதுன்னு சொல்லிட்டா என்ன?"

அக்கா போண்டாவை ஊதிக்கொண்டே யோசித்தார்.

"நான் வரலன்னு வெச்சுக்க, 'ஏன் வரல'ன்னு கேப்பாங்க. அதுக்கு ஒண்ணு சொல்லணும். அதுக்கு மேல அவங்க ஒண்ணு சொல்லுவாங்க. கடைசில போயிட்டுதான் வருவேன். கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அப்பிடித்தான் போயிக்கினு இருந்தேன். இந்த வண்டி வந்தப்புறம் பாரு, வண்டி வரலன்னு சொன்னா ஒருத்தரும் ஏன்னு கேக்கறதில்ல. வண்டிய யாரும் திட்டவும் மாட்டாங்க."

சொல்லிவிட்டுச் சிரித்தார். "அது வாயில்லா ஜீவன். எவ்ளோ பழி போட்டாலும் தாங்கும்."

ஆனால் வண்டிக்கு நிஜமாகவே முடியாத காரியங்களும் இருந்தன. அவற்றை அக்கா ஒளிக்க மாட்டார். மலைக்கோயிலுக்கு ஏறும் சாலையில் பாதி வழியில் அது எங்கள் இருவரையும் சேர்த்து இழுக்காது. "எறங்கு பாப்பா" என்பார். நான் இறங்கி நடப்பேன். அவர் முதல் கியரில் தனியாக மேலே போய், வளைவில் நின்று, "வந்துட்டியா? அங்கிட்டு நிழலுல நடந்து வா" என்று என் ஊர்ப் பேச்சைக் கிண்டல் செய்துகொண்டு காத்திருப்பார். மழை பெய்தால் பிரேக் பிடிப்பது அதன் மனநிலையைப் பொறுத்தது. நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரி ஒன்று பக்கத்தில் கடந்தால் போதும், அந்தக் காற்றிலேயே வண்டி ஓரத்துக்கு ஒரு முழம் தள்ளிப்போகும். அக்கா தோள்களை இறுக்கி, இடது ஓரக் கோட்டை விடாமல் பிடித்துக்கொண்டு போவார். நான் கண்ணை மூடிக்கொள்வேன்.

சனி ஞாயிறுகளில் பெங்களூரிலிருந்து பெரிய பெரிய வண்டிகளில், தோல் சட்டையும் முழங்கால் கவசமும் போட்டுக்கொண்டு கூட்டமாக இளைஞர்கள் வருவார்கள். ஒருமுறை ஒரு டீக்கடையில் அவர்களில் ஒருவர் அக்காவின் வண்டியைச் சுற்றிவந்து பார்த்தார். நல்ல பையன்தான், மரியாதையாகவே கேட்டார்.

"இது எவ்ளோ ஸ்பீடு போகும்க்கா?"

"தெரியாதுங்க தம்பி. இதுவரைக்கும் நான் அதக் கேட்டதில்ல."

அவர் சிரித்துவிட்டார். அக்கா சிரிக்கவில்லை, நிஜமாகவேதான் சொன்னார். அந்த வண்டி அவரிடம் எதையும் கேட்டதில்லை, அவரும் அதனிடம் அளவுக்கு மீறி எதையும் கேட்டதில்லை. மாதம் ஒருமுறை எண்ணெய் போடும் கடையில் கூட அவர் இதைத்தான் சொல்லுவார்: "நல்லா ஓடணும்னு இல்ல, நாளைக்கும் ஓடணும்."

கிருஷ்ணகிரிக்கும் அப்பால், கல்லாவியில் அவருடைய புகுந்த வீடு. கணவர் அங்கே நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாந்தோப்பு, கொஞ்சம் நிலக்கடலை. அமைதியான மனிதர். அந்த வீட்டில் பேசுவது அவருடைய அண்ணன்தான். அண்ணன் பேசினால் தம்பி தலையாட்டுவார். வானம் பொய்த்த ஒரு வருடம், மகளைப் பள்ளியில் சேர்க்கிறேன் என்று சொல்லி அக்கா ஓசூருக்கு வந்து வேலையில் சேர்ந்தார். வாரா வாரம் ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வந்து வீட்டு வேலையும் காட்டு வேலையும் பார்க்க வேண்டும் என்பது அண்ணனின் எதிர்பார்ப்பு. முதலில் பஸ் பிடித்துப் போய்க்கொண்டிருந்தார். வண்டி வாங்கியதும், "அதான் வண்டி இக்குதே, அதுலயே வந்துடலாம் இல்ல?" என்றார்களாம்.

"அது சின்ன வண்டி மாமா. ராயக்கோட்டைக்கு அந்தாண்ட ஒத்துக்காது. இன்ஜினு சூடாயி நின்னுடும்."

அவ்வளவுதான். வண்டிப் பேச்சு வந்தபின் பஸ் பேச்சை யாரும் எடுக்கவில்லை. அதற்குப் பிறகு பொங்கலுக்கும் மாரியம்மன் திருவிழாவுக்கும் மட்டும்தான் பஸ்ஸில் போவார். அவருடைய ஞாயிற்றுக்கிழமைகளை அந்த ஒற்றைப் பொய்தான் காவல் காத்தது. துணி துவைப்பார், மகளுக்குத் தலை பின்னிவிடுவார், மத்தியானம் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குவார். தூங்கி எழுந்து வாசலில் நின்று சோம்பல் முறிக்கும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். அவ்வளவு நிறைவான முகத்தை நான் கோயிலில் கூடப் பார்த்ததில்லை.

மகள் பத்தாம் வகுப்புப் பரீட்சை முடித்து, விடுமுறைக்குக் கல்லாவி போயிருந்தாள். ஒருநாள் முதல் ஷிப்ட் முடிந்து மத்தியானம் வாசலுக்கு வந்து, அக்கா லாக்கரிலிருந்து போனை எடுத்தார். மகள் பல தடவை கூப்பிட்டிருந்தாள். திருப்பிக் கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போடவில்லை, ஆனாலும் அந்தப் பிள்ளை அழுதது எனக்குக் கேட்டது.

"அம்மா, பொடவ கட்டச் சொல்றாங்க. சாயங்காலம் யாரோ வர்றாங்களாம். பெரியப்பா உனக்குச் சொல்லிட்டேன்னு சொல்றாரு. சொன்னாராம்மா?"

அக்காவிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை.

"யாரு வர்றாங்க?"

"மாமா வகையில யாரோ. பெரியம்மா பூ வாங்கி வெச்சிருக்காங்க. உறுதி பண்ணிடுவாங்களாம்."

"அப்பா எங்க?"

"தோப்புல. கூப்பிட்டாலும் வரல."

அக்கா போனைப் பைக்குள் வைத்தார். கிருஷ்ணகிரிக்குப் பஸ்ஸில் போய், அங்கே மாறி, பிறகு கல்லாவிக்கு எப்போது பஸ் என்று காத்திருந்து போய்ச் சேருவதற்குள் வந்தவர்கள் தட்டு மாற்றிவிட்டுக் கிளம்பியிருப்பார்கள். வண்டி நிறுத்துமிடத்துக்கு நடந்தார். டாங்கியை ஆட்டிப் பார்த்தார்.

"பாப்பா, நீ கம்பெனி பஸ்ல வீட்டுக்குப் போ."

"நானும் வாரேன்க்கா."

"அவ்ளோ தூரம் ரெண்டு பேர இழுக்குமான்னு தெரியல."

"இழுக்கலன்னா எறங்கி நடக்குறேன். எனக்குப் பழக்கந்தான்."

அந்தப் பயணத்தை இன்றைக்கும் என் இடுப்பு நினைவில் வைத்திருக்கிறது. சூளகிரி வரைக்கும் லாரிகளுக்கு நடுவில் ஓரக்கோட்டிலேயே போனோம். மேம்பாலம் ஏறும்போதெல்லாம் வண்டியின் சத்தம் மாறும். அக்கா கியரைக் குறைத்து, முன்னால் குனிந்து, "வா, வா, வந்துரு" என்று அதனோடு பேசினார். கிருஷ்ணகிரி மலை தெரிந்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. அங்கே ஒரு புளியமரத்தடியில் நிறுத்தினோம். இன்ஜினிலிருந்து எண்ணெய் கருகும் வாசம் வந்தது. அக்கா தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து, துப்பட்டா முனையை நனைத்து, காய்ச்சல் வந்த பிள்ளைக்கு ஈரத்துணி போடுவதைப் போல வண்டியைத் துடைத்தார். அதனால் ஒரு பயனும் இல்லை என்று அவருக்கும் தெரியும். கை சும்மா இருக்க முடியாமல் செய்தார்.

மத்தூர் தாண்டியதும் வண்டி இருமி, நின்றுவிட்டது. அக்கா குனிந்து பெட்ரோல் குழாயை ரிசர்வுக்குத் திருப்பினார். உதைத்தார். உதைத்தார். மூன்றாவது நான்காவது உதைக்குப் பிடித்துக்கொண்டது.

அவர்கள் வீட்டு முன்னால் ஒரு கார் நின்றது. உள்ளே பாயில் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். தட்டில் பூவும் பழமும் இருந்தன. அக்காவின் மகள் தன்னைவிடப் பெரிய ஒரு பட்டுப் புடவைக்குள் சுவரோரம் நின்றுகொண்டிருந்தாள். வாசலில் நின்ற கணவரின் அண்ணன் எங்களைப் பார்த்தார். எங்களைக்கூட அல்ல, வண்டியைத்தான் பார்த்தார்.

"இது இங்க வரைக்கும் வருமா?"

அக்கா ஹெல்மெட்டைக் கழற்றினார். முகமெல்லாம் புழுதி, கண்ணாடி மறைத்த இடம் மட்டும் வெளுப்பாக இருந்தது.

"ராயக்கோட்டைக்கு அந்தாண்ட ஒத்துக்காதுன்னு சொன்ன? இத்தன நாளா எங்ககிட்ட என்னா கத சொல்லிக்கினு இருந்த?"

இப்போது என்ன சொல்லுவார்? வழக்கமாக அந்த வாக்கியத்துக்குப் பின்னால்தான் அவர் ஒளிந்துகொள்வார். அந்த வாக்கியமே இப்போது வாசலில் சூடாக நின்றுகொண்டிருந்தது.

"வரும் மாமா. எப்பவும் வரும். நான்தான் வரல."

அவர் குரல் உயரவில்லை. உள்ளே இருந்தவர்கள் வாசல் பக்கம் திரும்பினார்கள். அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், மாப்பிள்ளையின் அம்மா போலத் தெரிந்த ஒரு பெண்மணியின் முன்னால் நின்று கும்பிட்டார்.

"தப்பா நெனச்சுக்காதீங்கம்மா. புள்ளைக்கு இன்னும் பதினாறு முடியல. அவ படிக்கணும். இதுக்கு நான் ஒத்துக்கல. ஒங்கள வரச் சொன்னது எனக்குத் தெரியாது."

"பொண்ணோட அம்மாவுக்கே தெரியாதா?" என்று அந்தப் பெண்மணி திரும்பி அண்ணனைப் பார்த்தார். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "பொம்பள ஒருத்தி வண்டி ஓட்டக் கத்துக்கிட்டா..." என்று தொடங்கினார்.

அப்போது பின்கட்டுப் பக்கமிருந்து அக்காவின் கணவர் வந்தார். தோப்பிலிருந்து எப்போது வந்தார் என்று தெரியவில்லை. காலில் மண் இருந்தது. யாரையும் பார்க்கவில்லை. நேராக உள்ளறைக்குப் போய், மகள் விடுமுறைக்குத் துணி அடைத்து வந்திருந்த பள்ளிப் பையை எடுத்துக்கொண்டு வந்து, அக்காவின் கையில் கொடுத்தார். அவ்வளவுதான் அவர் செய்தது. ஆனால் அண்ணன் பேசிக்கொண்டிருக்கும்போது தம்பி அந்த வீட்டில் ஒரு காரியம் செய்தது அதுதான் முதல் தடவை என்று பிறகு அக்கா சொன்னார்.

வந்தவர்கள் எழுந்துபோனார்கள். அந்தப் பெண்மணி போகும்போது சுவரோரம் நின்ற பிள்ளையின் கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போனார்.

அன்றிரவு பக்கத்து ஊரில் அக்காவின் அம்மா வீட்டில் தங்கினோம். காலையில் வண்டியில் அம்மாவும் மகளும் கிளம்பினார்கள். மூன்று பேரை அது தாங்காது. அதனால் நான் பஸ்ஸில். அக்காவின் கணவரும் என்னோடு வந்தார், ஓசூரில் கொஞ்ச நாள் இருந்துவிட்டுப் போகிறேன் என்று. சூளகிரிப் பக்கம் வரும்போது ஜன்னல் வழியாக அவர்கள் இருவரையும் பார்த்தோம். இடது ஓரமாக, மெதுவாக, மகள் அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு. பஸ் அவர்களைத் தாண்டியது. அக்காவின் கணவர் தலையைத் திருப்பிக் கடைசி வரைக்கும் பார்த்தார்.

"அந்த வண்டி நல்லாத்தான் ஓடுது, இல்லம்மா?" என்றார். வழியெல்லாம் அவர் பேசியது அது ஒன்றுதான்.

கல்லாவியிலிருந்து வெகுநாள் பேச்சு வார்த்தை இல்லை. அந்த வருடம் கடலையும் வரவில்லை, மாங்காயும் வரவில்லை. அக்காவிடமும் ஒரு மாற்றம் தெரிந்தது. வண்டி மேல் பழி போடுவதை நிறுத்திவிட்டார். அடுத்த சனிக்கிழமை சூப்பர்வைசர் வந்து கேட்டபோது, "நானு பரல்லா சார்" என்றார். நான் வரமாட்டேன். "யாக்கம்மா?" என்று சூப்பர்வைசர் காரணம் கேட்டார். அக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது. "மலகபேக்கு" என்றார். தூங்க வேண்டும். லைன் முழுக்கச் சிரித்தது. சூப்பர்வைசரும் சிரித்துவிட்டுப் போய்விட்டார். அன்று மாலை வரை அக்கா தன்னையறியாமல் சிரித்துக்கொண்டே வயர் கோத்தார்.

அதனால்தான் பின்னால் ஒருநாள் அவர் என்னிடம் அதைச் சொன்னபோது எனக்கு அப்படி வலித்தது.

நான் முழுகாமல் இருப்பதை என் கணவருக்கு அடுத்து அவரிடம்தான் சொன்னேன். கட்டிப்பிடித்துக்கொண்டார். மறுநாள் காலையில் ஹெல்மெட்டோடு வாசலில் வந்து நின்றேன். அக்கா வண்டியை உதைத்துக் கிளப்பினார். என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"வண்டி ஒத்துக்காது பாப்பா. நீ கம்பெனி பஸ்லயே வந்துடு."

போய்விட்டார். நான் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அந்த வாக்கியத்துக்கு என்ன அர்த்தம் என்று தெருவிலேயே எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். சிலிண்டர் தூக்கச் சொன்னவருக்கும், ஞாயிறு வேலைக்குக் கூப்பிட்டவருக்கும் சொன்ன வாக்கியம். நானும் அந்த வரிசையில் போய் நின்றுவிட்டேனா? என்ன தொந்தரவு கொடுத்துவிட்டேன்? அன்று முழுக்க லைனில் நான் அவர் பக்கம் திரும்பவில்லை. அவரும் ஏன் என்று கேட்கவில்லை.

மறுநாள் பஸ் நிறுத்தத்துக்குப் போனால், எனக்கு முன்னால் அங்கே அக்கா நின்றுகொண்டிருந்தார். கையில் சாப்பாட்டுப் பை. ஹெல்மெட் இல்லாத அவர் தலை ஏதோ போலிருந்தது.

"வண்டி எங்கக்கா?"

"வூட்டுல நிக்குது."

"ரிப்பேரா?"

"ஒண்ணும் இல்ல. நல்லாத்தான் இக்குது."

பஸ் வரும் திசையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். நான் கேட்டேன்: "நேத்து என்கிட்ட ஏன்க்கா அப்படிச் சொன்னீங்க?"

அக்கா ஆச்சரியமாகப் பார்த்தார். பிறகுதான் அவருக்குப் புரிந்தது. வாயில் கையை வைத்துக்கொண்டார்.

"ஐயோ பாப்பா! மத்தவங்களுக்குச் சொன்னதுதான் பொய்யி. உனக்குச் சொன்னது நெசம். அதோட பின்சீட்டுல என்னா இக்குது? தொழிற்பேட்ட ரோட்டுல ஒரு குழி விடாம அள்ளி அப்பிடியே முதுகுல வைக்கும். அதுல உன்ன இந்த நேரத்துல ஏத்துவனா?"

"அதுக்கு நீங்க ஏன் பஸ்ஸுக்கு வந்தீங்க? வண்டிலயே போயிருக்கலாமே."

"நீ தனியா நிப்ப இல்ல."

பிள்ளை பிறக்கும் வரை நான் வேலைக்குப் போன நாளெல்லாம் அக்கா என்னோடு பஸ்ஸில் வந்தார். அவருக்குப் பஸ் பிடிக்கவே பிடிக்காது. வளைவுகளில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, டிரைவர் எங்கே கியர் மாற்ற வேண்டும் என்று முணுமுணுத்துக்கொண்டே வருவார். ஊரெல்லாம் சுற்றிக்கொண்டு போகும் அந்த பஸ்ஸில், ஒவ்வொரு நிறுத்தத்திலும் பெருமூச்சு விடுவார். ஒருநாளும் 'நாளைக்கு நான் வண்டியில் போகிறேன்' என்று சொன்னதில்லை.

மகன் பிறந்த அடுத்த வருடம் என் கணவருக்கு மதுரைப் பக்கம் வேலை கிடைத்தது. சாமான்களை ஒரு டெம்போவில் ஏற்றினோம். அக்காவுக்கு அன்று இரண்டாம் ஷிப்ட். காலையெல்லாம் கூடவே நின்று பாத்திரங்களைத் துணியில் சுற்றிக் கொடுத்தார். அழவில்லை. நானும் அழவில்லை. டெம்போ கிளம்பியது. போன் எங்கோ ஒரு பைக்குள் போய்விட்டிருந்தது.

சூளகிரி தாண்டி ஒரு டீக்கடையில், பிள்ளைக்குப் பால் ஆற்றுவதற்காக நிறுத்தினோம். டிரைவர் டீயை முடித்துவிட்டு டயரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது லாரிகளுக்கு இடப்பக்கம், ஓரக் கோட்டை ஒட்டி, அந்தக் கறுப்பு வண்டி வருவது தெரிந்தது. எனக்கு நம்ப முடியவில்லை. அக்கா எங்கள் டெம்போவைக் கண்டதும் கையை ஆட்டினார். வந்து நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றாமலே, இடுப்பில் கட்டிய துப்பட்டாவுக்குள்ளிருந்து ஒரு சின்னத் தலையணையை எடுத்தார். கடுகு அடைத்துத் தைத்த, பிள்ளையின் தலைக்கு வைக்கும் தலையணை.

"கதவுக்குப் பின்னால வெச்சிட்டு வந்துட்ட. இது இல்லாம எப்பிடித் தூங்குவான்?"

"போன் பண்ணிருக்கலாமேக்கா!"

"எத்தினி தடவ பண்ணேன்? எடுக்கல."

"அங்க போயி வேற தச்சிருப்பேனே. இதுக்காகவா லாரிக்கு நடுவுல இம்புட்டுத் தூரம்? வண்டிக்கு ஏதாவது ஆயிருந்தா?"

அக்கா பிள்ளையை என் கையிலிருந்து வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். அவன் அவர் ஹெல்மெட்டின் கண்ணாடியைத் தட்டிப் பார்த்தான்.

"வரணும்னு இருந்திச்சி. வந்தேன்" என்றார்.

டீ வாங்கிக் கொடுத்தேன். பாதி குடித்துவிட்டு, கடைச் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார். ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது. பிள்ளையைக் கொடுத்துவிட்டு, எங்களை முதலில் கிளம்பச் சொன்னார். நான் மாட்டேன் என்றேன். அவர் வண்டியை உதைத்தார். பிடிக்கவில்லை. மறுபடி உதைத்தார். டெம்போ டிரைவர் உதவிக்குப் போனார். அவரை ஒரு கையால் தள்ளிவிட்டு, துப்பட்டாவை இறுக்கி முடிந்துகொண்டு, இன்னொரு உதை விட்டார். பிடித்துக்கொண்டது. பாலத்துக்கு அடியில் நுழைந்து திரும்பி, ஓசூர்ப் பக்கம் போகும் சாலையில் ஏறினார். அதற்குப் பிறகு நடுவில் லாரிகள் வந்து மறைத்துவிட்டன.